பொலிஸ் விசாரணையும் பதிவும்: திருகோணமலைக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையில் பொலிஸார் ஒரு சந்தேகநபரை விசாரிக்கும்போது அதை ஒலியாகவோ ஒளியாகவோ பதிவுசெய்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் இன்றுவரை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "எல்லாம் கமராவில இருக்கும்தானே, பிறகு பாப்பம்" என்று நம்பிக் காத்திருந்து, மிக முக்கியமான முதல் இரண்டு நாட்களை இழந்துவிடும் குடும்பங்களை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

எங்களிடம் இருப்பது கையால் எழுதப்படும் வாக்குமூலம். அதை எழுதுபவரும் பொலிஸ், மொழிபெயர்ப்பவரும் பெரும்பாலும் பொலிஸ், பாதுகாத்து வைப்பவரும் பொலிஸ். ஆகவே அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கான பதிவை வெளியிலிருந்து கட்டியெழுப்ப வேண்டியவர்கள் குடும்பத்தினர்தான். நேரம், கடிதம், வைத்தியர், நீதவான் என்ற நான்கு வழிகளில் அதைச் செய்யலாம். அதற்குத்தான் இந்த வழிகாட்டி. உங்கள் வழக்குக்கென்று ஒரு சட்டத்தரணி தரும் ஆலோசனைக்கு இது ஈடாகாது. ஆனால் சட்டத்தரணி வந்து சேரும் வரையுள்ள மணித்தியாலங்களில் கையோடு இருக்க வேண்டியது இது.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவுதான் அடிப்படை. வாய்மூலம் சொல்வதைப் பொலிஸ் உத்தியோகத்தர் எழுத்தில் இறக்க வேண்டும். முழுமையாக எழுத வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்குக் காட்டவோ வாசிக்கவோ வேண்டும். அது அவருக்கு விளங்காத மொழியில் இருந்தால், விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். அவர் அதில் விளக்கம் சேர்க்கலாம், கூட்டிச் சொல்லலாம். இவை சலுகைகள் அல்ல, சட்டத்தில் எழுதியுள்ள கடமைகள்.

அடுத்தது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம். அச்சுறுத்தியோ ஆசைகாட்டியோ பெற்ற குற்ற ஒப்புதல் செல்லாது என்கிறது 24 ஆம் பிரிவு. பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சந்தேகநபருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது 25. பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், நீதவானின் நேர்முன்னிலையில் என்றால் ஒழிய, அதுவும் செல்லாது என்கிறது 26.

அப்படியானால் பதிவு எதற்கு என்று கேட்கத் தோன்றும். பதில் 27 ஆம் பிரிவில் இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய சொற்கள் மட்டும் சாட்சியமாகும். "கிணத்தடியில தாட்டு வைச்சனான்" என்று அவர் உண்மையிலேயே சொன்னாரா, அல்லது பொருளை எடுத்த பிறகு அந்த வரி எழுதப்பட்டதா? ஒலிப்பதிவு இருந்தால் இந்தக் கேள்வி ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இல்லாததால் வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் இழுபடுகிறது. இதைவிட, பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் கைதானால் 25 ஆம் 26 ஆம் பிரிவுகள் தரும் பாதுகாப்பே இல்லாமல் போகிறது. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

எங்கள் சட்டம் கமராவை அறியாததும் அல்ல. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம், சம்பவம் நடக்கும்போதே பதிவான ஒலி, ஒளிப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க வழிசெய்தது. 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம், துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளைகளின் ஆரம்ப வாக்குமூலத்தை வீடியோவில் எடுத்து வழக்கில் பயன்படுத்த இடம் கொடுத்தது. பிள்ளையின் வாக்குமூலத்தை மாற்றாமல், திரிக்காமல் காப்பாற்ற வீடியோதான் சிறந்தது என்று ஏற்றுக்கொண்ட நாடு, காவலில் இருக்கும் சந்தேகநபரின் வாக்குமூலத்துக்கு மட்டும் இன்னும் பேனாவையும் புத்தகத்தையும் போதும் என்று வைத்திருப்பதற்கு என்னால் நியாயம் காண முடியவில்லை.

எப்படிப்பட்ட பதிவு பயன்படும்

இதைத் தெரிந்துவைத்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும்.

இங்கிலாந்தில் 1984 ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தின் கீழ் வந்த விதிக்கோவை, விசாரணையை ஒலிப்பதிவு செய்யும் முறையை வகுத்தது. கசட் காலத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கசட்டுகளில் பதிவு நடக்கும். முடிந்ததும் ஒன்றைச் சந்தேகநபரின் கண்முன்னே முத்திரையிட்டு ஒட்டிவிடுவார்கள். பிறகு யாராவது பதிவை மாற்றினார்கள் என்ற சந்தேகம் வந்தாலும், அந்த முத்திரையைப் பொலிஸார் தாமாக உடைக்க முடியாது. பதிவு தொடங்கியவுடன் திகதி, நேரம், இடம், அறையில் இருப்பவர்களின் பெயர் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். இடைவேளை விட்டால் ஏன் என்றும் எத்தனை மணிக்கு என்றும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் அலாஸ்கா மாநில உயர்மன்றம் 1985 இல், காவலில் நடக்கும் விசாரணையைக் காரணமில்லாமல் பதிவுசெய்யாமல் விட்டால் அதில் கிடைத்த வாக்குமூலத்தை ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இலினோய் மாநிலம் 2003 இல் கொலை வழக்கு விசாரணைகளுக்குப் பதிவைச் சட்டமாக்கியது.

அரைகுறைப் பதிவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நியூயோர்க் சென்ட்ரல் பார்க் வழக்கைப் பார்க்கலாம். 1989 இல் கைதான பதின்ம வயதினரில் நால்வர் கமராவின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முன் பல மணித்தியாலங்கள் நடந்த விசாரணை பதிவாகவில்லை. ஜூரிகள் கண்டது கடைசிப் பகுதியை மட்டும். உண்மையான குற்றவாளி தெரியவந்து, டிஎன்ஏ பரிசோதனையும் அதை உறுதிசெய்த பிறகு, 2002 இல்தான் அந்தத் தீர்ப்புகள் நீக்கப்பட்டன. ஆகவே நாங்கள் கேட்க வேண்டியது முதற்கேள்வியிலிருந்து கடைசிக் கையொப்பம் வரையுள்ள பதிவு. கமராவின் கோணமும் முக்கியம். சந்தேகநபரின் முகத்தை மட்டும் காட்டும் பதிவைப் பார்ப்பவர்கள், அவர் தானாக விரும்பிச் சொன்னார் என்று நம்பும் சாய்வு கூடுகிறது என்று உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. கேட்பவரும் சொல்பவரும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும்.

படி 1: கூட்டிச் சென்ற நேரத்தை எழுதுங்கள்

ஒரு சீ.ஆர் கொப்பியை எடுத்து, அன்றைய திகதியைப் போட்டுத் தொடங்குங்கள். எத்தனை மணிக்கு வந்தார்கள், சீருடையிலா சிவில் உடையிலா, வாகன இலக்கம் என்ன, எந்த நிலையம் என்று சொன்னார்கள், என்ன காரணம் சொன்னார்கள், பக்கத்தில் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பவற்றை எழுதுங்கள். கான்ஸ்டபிள், சார்ஜன்ட் தரத்தில் உள்ளவர்களின் சீருடையில் இலக்கம் இருக்கும். அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரம் ஏன் உயிரான விடயம் என்றால், கைதுசெய்தவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்கிறது சட்டக்கோவையின் 37 ஆம் பிரிவு. பயண நேரம் மட்டும் அதில் சேராது. நிலையத்தின் புத்தகத்தில் கைது என்று எழுதிய நேரமும், வீட்டிலிருந்து கூட்டிச்சென்ற நேரமும் வேறுபட்டால், இடையில் உள்ள மணித்தியாலங்கள் எந்தப் பதிவிலும் இல்லாதவை. அடி விழுவதும் பயமுறுத்துவதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

"கைது இல்லை, சும்மா ஒரு வாக்குமூலம் எடுக்கத்தான், பின்னேரம் விட்டிடுவம்" என்று சொல்லக்கூடும். நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில் உயர் நீதிமன்றம் இதைப் பார்த்திருக்கிறது. ஒருவர் தான் விரும்பியபடி போகும் சுதந்திரத்தை இழந்து, பொலிஸாரோடு போயே ஆகவேண்டிய நிலைக்கு வந்தால் அது கைதுதான். அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை, கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. அதை அவருக்கு விளங்கும் மொழியில் கேட்டு வாங்க வேண்டும்.

திருகோணமலையில் இன்னொரு சிக்கல் உண்டு. நகரத்துக்குள்ளும் சுற்றிலும் தலைமையகப் பொலிஸ், துறைமுகப் பொலிஸ், உப்புவெளி, சீனக்குடா என்று நிலையங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. நிலாவெளியில் பிடித்தவரை உப்புவெளியில் வைத்திருக்கலாம், மூதூரில் பிடித்தவரை நகரத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரே போய்க் கேளுங்கள். "இங்க இல்லை" என்று சொன்னால் அதைச் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். எங்குமே இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற அவசர இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். திருகோணமலையில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. முன்னறிவித்தல் இல்லாமல் பொலிஸ் நிலையத்துக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு உண்டு. அப்படி ஓர் உத்தியோகத்தர் வந்து போனால் அதுவே ஒரு பதிவு.

படி 2: சட்டத்தரணி

2012 இல் வர்த்தமானியில் வந்த பொலிஸ் விதிகளின்படி, சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கு வந்து தன் கட்சிக்காரருக்காகப் பேசலாம். நிலையப் பொறுப்பதிகாரி அவரை மரியாதையோடு நடத்தி இடங்கொடுக்க வேண்டும். கேள்வி கேட்கும்போது பக்கத்தில் இருக்கும் உரிமையை அந்த விதிகள் வெளிப்படையாகத் தரவில்லை. ஆனாலும் சட்டத்தரணி வந்தார், இன்ன நேரத்துக்குச் சந்தேகநபரைப் பார்த்தார் அல்லது பார்க்க விடவில்லை என்பது பின்னால் பெரிய சாட்சியமாகும். பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தை நாடுங்கள். முதல் நாளே போங்கள்.

படி 3: வாக்குமூலம்

முழு வழிகாட்டியிலும் நிதானமாக வாசிக்க வேண்டிய பகுதி இது. உங்கள் வீட்டில் இளையவர்கள் இருந்தால், ஒன்றும் நடக்காத நாளிலேயே அவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். மேசையின் அந்தப் பக்கம் ஓர் உத்தியோகத்தர் நீளமான புத்தகத்தில் எழுதுகிறார். சந்தேகநபர் தமிழில் சொல்கிறார். நடுவில் நிற்கும் இன்னொரு கான்ஸ்டபிள் அதைச் சிங்களத்தில் சொல்ல, புத்தகத்தில் சிங்களத்தில் இறங்குகிறது. ஐந்து நிமிடம் சொன்னது மூன்று வரியாகச் சுருங்குகிறது. கேட்ட கேள்விகள் காணாமல் போய், சந்தேகநபரே தானாக எடுத்துச் சொன்னதுபோல வாக்கியங்கள் அமைகின்றன. கடைசியில் "இதில ஒரு கையொப்பம் வையும்" என்கிறார்கள்.

முதலாவது, மொழி. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி தமிழும் நிருவாக மொழி. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பொதுப் பதிவேடுகளைப் பேணும் மொழியே தமிழ்தான். 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தம் இதைக் கொண்டுவந்தது. திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் தலைநகரம். இங்கே ஒரு தமிழரோ முஸ்லிமோ "என்ர வாக்குமூலத்தைத் தமிழில எழுதுங்கோ" என்று கேட்பது தயவு கேட்பது ஆகாது. தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தர் இல்லை என்றால், அந்தக் காரணத்தையும் மொழிபெயர்த்தவரின் பெயரையும் இலக்கத்தையும் வாக்குமூலத்திலேயே குறிக்கும்படி கேட்க வேண்டும்.

இரண்டாவது, கேள்விகள். சொன்னதைத் தெளிவாக்க உத்தியோகத்தர் கேட்ட கேள்வியும் அதற்கான பதிலும் எழுதப்பட வேண்டும். "அப்ப நீர் அங்க போனீர் என்ன?" என்று கேட்டு "ஓம்" என்று சொன்னதும், "நான் அங்கே போனேன்" என்று எழுதப்படுவதும் ஒன்றல்ல.

மூன்றாவது, வாசித்துக் காட்டுதல். முழுவதையும் தமிழில் சொல்லக் கேட்டு, பிழையான இடத்தைத் திருத்தச் சொல்லலாம், விட்டதைச் சேர்க்கச் சொல்லலாம். "எல்லாம் நீர் சொன்னதுதான்" என்ற பதிலோடு நின்றுவிடக் கூடாது. தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லலாம். சட்டத்தரணியோடு கதைத்த பிறகு சொல்கிறேன் என்றும் கேட்கலாம்.

நான்காவது, கையொப்பம். கடைசி வரிக்கு நேர் கீழே, இடைவெளி விடாமல் வைக்க வேண்டும். மேலே இரண்டு விரல் அளவு வெற்றிடம் இருந்தாலும் அதில் இன்னொரு வசனம் நுழையலாம். கையொப்பத்தோடு சேர்த்துத் தன் கையால், தமிழில், திகதியையும் நேரத்தையும் எழுத வேண்டும். வாசித்துக் காட்டியிருந்தால் "தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது" என்றும், காட்டாவிட்டால் "எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை" என்றும் எழுதலாம். வெற்றுத்தாளில் எந்தக் காரணத்துக்கும் கையொப்பம் வைக்கக் கூடாது.

அடி வாங்கி, தூக்கம் இல்லாமல், தனியே இருக்கும் ஒருவரால் இதில் ஒன்றுகூடச் செய்ய முடியாமல் போகலாம். அதற்காக அவரைக் குறைசொல்ல வேண்டாம். எதைச் செய்ய விடவில்லை என்பதை நினைவில் வைத்திருந்தாலே போதும். அதைச் சொல்ல வைத்தியரும் நீதவானும் இருக்கிறார்கள். விடுதலையான அன்றோ, முதன்முதலாகப் பார்க்க விட்ட அன்றோ, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதி எடுங்கள். யார் கேட்டது, யார் பெயர்த்தது, எத்தனை தடவை வெளியே கொண்டுபோனார்கள், எப்போது சாப்பாடு தந்தார்கள், எப்போது நித்திரை கொள்ள விட்டார்கள் என்பவையெல்லாம் அதில் வரட்டும். நாள் போகப் போக நினைவு மங்கும். அன்றே எழுதிய குறிப்புக்கு நீதிமன்றத்தில் தனி மதிப்பு உண்டு.

படி 4: இருக்கும் கமராப் பதிவைக் காப்பாற்றுங்கள்

விசாரணையைப் பதிவுசெய்யும் கடமை இல்லாவிட்டாலும், சில நிலையங்களில் வாசலிலோ உள்ளேயோ சி.சி.ரி.வி கமரா இருக்கலாம். எதிர்க் கடையிலோ வங்கியிலோ இருக்கலாம். இப்படிப்பட்ட கருவிகளில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் பொலிஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்தின் கமராப் பதிவுகள் நாளாந்தம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அதே ஆண்டு டிசம்பர் 2 ஆம் திகதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் ஒலியும் பதிவாகும் கமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அது முடியாவிட்டால் ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது என்று கட்டளையிட்டது. அப்படியொரு கட்டளை எங்களுக்கு இல்லாதபடியால் நாங்கள்தான் விரைந்து கேட்க வேண்டும்.

கடிதம் சுருக்கமாக இருந்தால் போதும்:

"நிலையப் பொறுப்பதிகாரி அவர்கட்கு. ... ஆம் திகதி ... மணியளவில் எனது மகன் ... தங்கள் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டார். அன்று ... மணி தொடக்கம் ... ஆம் திகதி ... மணி வரை நிலையத்தின் நுழைவாயில், முறைப்பாட்டு மேசை, தடுப்பறை, விசாரணை இடம் பெற்ற அறை ஆகிய இடங்களில் பதிவான சகல ஒலி, ஒளிப் பதிவுகளையும் அழிக்காமலும் மேற்பதிவு செய்யாமலும் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்பதிவுகள் நீதிமன்ற நடவடிக்கைகளுக்குத் தேவைப்படும். இந்நிலையத்தில் கமரா இல்லையெனில் அதை எழுத்தில் அறியத்தரவும்."

பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் ரசீதைக் கொப்பியில் ஒட்டுங்கள். ஒரு பிரதியைச் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கும் இன்னொன்றை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். கடைசி வரியை விட்டுவிட வேண்டாம். "கமரா இல்லை" என்று எழுதித் தந்தால் அதுவும் ஒரு பதில். பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தையும் சட்டத்தரணி நீதிமன்றத்தில் காட்டலாம்.

கூடவே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொலிஸ் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். வழமையாக முடிவு சொல்ல 14 வேலை நாட்கள் உண்டு. ஆனால் ஒருவரின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்பான கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்துக்குள் பதிலளிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். விண்ணப்பத்தின் தலைப்பிலேயே "உயிர், தனிப்பட்ட சுதந்திரம் தொடர்பானது, 48 மணித்தியாலம்" என்று எழுதுங்கள். விசாரணைக்கு இடைஞ்சல் என்று மறுக்கக்கூடும். மறுத்தால் மேன்முறையீடு இருக்கிறது.

நிலையத்துக்குள் கைத்தொலைபேசியில் களவாக எடுக்க வேண்டாம். போன் பறிபோவதோடு, உங்கள்மீதே ஒரு வழக்கு வரலாம்.

படி 5: வைத்தியர்

உடம்பில் விழுந்த காயம் பேசும், ஆனால் சில நாட்களுக்குத்தான். மணிக்கட்டில் கட்டிய தடம் விரைவில் மறையும். காதோடு அறைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே செவிப்பறை கிழிந்திருக்கலாம். உள்ளங்காலில் அடித்த வலி நடையில் மட்டும் தெரியும். ஆகவே "காயமே இல்லையே" என்று விட்டுவிடாமல் எங்கே நோகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

காவலில் இருப்பவரைப் பொலிஸாரே சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தோடு வைத்தியசாலைக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் படிவத்தில், என்ன நடந்தது என்று பரிசோதிக்கப்படுபவர் சொல்வதை வைத்தியர் எழுதுவதற்கு இடம் உண்டு. அவர் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். பொலிஸ் உத்தியோகத்தர் பக்கத்தில் நின்றால், "டொக்டர், அவரை வெளியில நிக்கச் சொல்லுங்கோ" என்று கேட்பதில் தப்பில்லை. வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தாதி ஒருவர் பெயர்க்கட்டும், பொலிஸ்காரர் வேண்டாம்.

விடுவிக்கப்பட்டவர் என்றால் அன்றே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய், விழுந்துவிட்டேன் என்று சொல்லாமல், நடந்ததைச் சொல்லி வாட்டில் சேருங்கள். பயத்தில் முதலில் "வழுக்கி விழுந்திட்டன்" என்று சொல்லி, அது கட்டில் அட்டையில் ஏறிவிட்டால், பிறகு மாற்றிச் சொல்வது மிகவும் கடினம். வீட்டில் படம் எடுப்பதானால் முதலில் முழு உடம்பு, பிறகு காயத்துக்குப் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்துக் கிட்டத்தில் எடுங்கள். அதே காயத்தை அடுத்த நாட்களிலும் எடுங்கள். நிறம் மாறுவதை வைத்து வைத்தியர்கள் காயத்தின் வயதைப் பற்றிப் பேச முடியும்.

படி 6: நீதவான் முன்

பொலிஸ் காவலில் இருந்து வெளியே வந்து, பொலிஸாருக்கு மேலான ஒருவர் முன் நிற்கும் முதல் நேரம் இது. சில நிமிடங்கள்தான் கிடைக்கும். திருகோணமலையானாலும் மூதூரானாலும் கந்தளாயானாலும், இரவில் அல்லது விடுமுறை நாளில் நீதவானின் வாசஸ்தலத்துக்கே கொண்டுபோகக்கூடும். ஆகவே எப்போது, எங்கே என்று பொறுப்பதிகாரியிடம் கேட்டு, சட்டத்தரணியை ஆயத்தமாக வைத்திருங்கள்.

பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் 'பி' அறிக்கையில் கைதான நேரம் என்ன என்று பாருங்கள். உங்கள் கொப்பியில் உள்ள நேரத்தோடு ஒவ்வாவிட்டால் அங்கேயே சொல்ல வேண்டும். அடி விழுந்தது, வாக்குமூலம் வாசித்துக் காட்டவில்லை, வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கினார்கள் என்று எது நடந்திருந்தாலும் நீதவானிடம் சொல்லி, வழக்கேட்டில் குறிக்கும்படி கேட்க வேண்டும். அதோடு சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கும், கமராப் பதிவுகளைப் பாதுகாக்கவும் கட்டளை கேளுங்கள். கூட்டிவந்த உத்தியோகத்தர் பின்னால் நிற்கப் பேசப் பயமென்றால், அதையும் சட்டத்தரணி மூலம் சொல்லி, தனியே கேட்கும்படி வேண்டலாம். பிறகு வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். பொலிஸ் கையில் இல்லாத முதல் அரச பதிவு அதுதான்.

போதைப்பொருள் வழக்குகளில் நீதவானின் கட்டளையோடு பொலிஸ் காவல் 7 நாள்வரை நீளலாம். அப்படியானால் அந்த நாட்களிலும் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டே இருங்கள்.

படி 7: பயங்கரவாதத் தடைச்சட்டம் என்றால்

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் முன் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சியமாக்குகிறது. அது அச்சுறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பாரத்தையும் கொடுத்தவர் தலையிலேயே வைக்கிறது. அறைக்குள் நடந்ததற்குப் பொலிஸார் மட்டுமே சாட்சி என்றிருக்க, காவலில் இருந்தவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்? பதிவு இல்லாத இடத்தில் இந்தப் பாரத்தைச் சுமத்துவது பெரும் அநீதி. இந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2018 இலும் 2023 இலும் வந்த சட்டமூலங்கள் சட்டமாகவில்லை.

சிங்கராசா வழக்கு இதற்குச் சான்று. மட்டக்களப்புப் பக்கத்தைச் சேர்ந்த அவர் தமிழில் சொன்னதாகக் கூறப்பட்டது ஒரு பொலிஸ் கான்ஸ்டபிளால் பெயர்க்கப்பட்டு, சிங்களத்தில் எழுதப்பட்டு, பெருவிரல் அடையாளம் வாங்கப்பட்டது. 1995 இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, ஒப்புதல் வற்புறுத்தல் இல்லாமல் பெறப்பட்டது என்பதை வழக்குத் தொடுநரே நிரூபிக்க வேண்டும் என்றும், அவருடைய நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்றும் சொன்னது. 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதன் அடிப்படையில் நிவாரணம் தர மறுத்தது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை: இந்தச் சட்டத்தின் கீழ் கைதானவரைப் பற்றி 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கும் கடமை கைதுசெய்தவருக்கு உண்டு. அறிவித்தார்களா என்று ஆணைக்குழுவிடம் நீங்களே கேளுங்கள். 2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச காலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. நீதவான் மாதம் ஒரு தடவையாவது தடுப்பிடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டால் திருகோணமலையிலிருந்து போய்வருவதே ஒரு நாள் வேலை. முடிந்தளவு அடிக்கடி போங்கள், ஒவ்வொரு சந்திப்பின் திகதியையும் அவர் சொன்னதையும் கொப்பியில் ஏற்றுங்கள். பின்னாளில் மேல் நீதிமன்றத்தில், ஒப்புதல் தானாக விரும்பிக் கொடுத்ததா என்று பார்க்கும் தனி விசாரணை நடக்கும்போது, நீதிபதி முன் வைக்க உங்களிடம் இருப்பது வைத்தியரின் அறிக்கையும் அந்தக் கொப்பியும்தான்.

படி 8: ஒரு மாதம்

அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்கிறது 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம். ஆனால் முறைப்பாட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வருவது மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டிவரும். ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரணைக்கு அழைத்த கடிதங்களையும் வைத்திருங்கள். முடியுமானால் மாதம் முடியமுன் மனுவையே போட்டுவிடுவது பாதுகாப்பு.

சித்திரவதை குற்றமாகும். 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதற்கு 7 முதல் 10 ஆண்டுவரை சிறை, 10,000 முதல் 50,000 ரூபாய்வரை தண்டம். உத்தியோகத்தரின் நடத்தை பற்றித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மூலப் பிரதியைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். கொப்பி, தபால் ரசீது, வைத்தியசாலை அட்டை, வழக்கேட்டுப் பிரதி எல்லாவற்றையும் போட்டோப்பிரதி எடுத்து, பிரதிகளில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதி முத்திரையோடு வாங்குங்கள். படங்களையும் குறிப்புகளையும் வட்ஸ்அப்பில் வேறு ஊரில் இருக்கும் ஓர் உறவினருக்கு அனுப்பிவையுங்கள். மூலப் பிரதிகள் வழக்கு முடியும்வரை உங்கள் சட்டத்தரணியிடமோ வீட்டிலோ ஒரே கோப்பில் இருக்கட்டும்.